வெள்ளிக்கிழமை மதியம் போட்ட இன்டெக்ஸ்

என் மகள் பள்ளி வேனில் ஏறும் நேரத்தில் இப்போதெல்லாம் என்னால் சாப்பிட முடிவதில்லை. தட்டில் சோறு இருக்கும், கை கைப்பேசிக்குப் போகும். பக்கத்து மேசைக்காரர்கள் கவனிக்கிறார்கள் என்று தெரிந்து, ஏதோ செய்தி படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

நடந்தது விபத்து இல்லை. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணி இருபது நிமிடம், மூன்றாம் ஆண்டு படிக்கும் என் ஒன்பது வயது மகளும் அவளோடு போன ஆறு பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் போகும்படி செய்தவன் நான்தான். என் கையால் எழுதிய ஒரே ஒரு வரியால் செய்தேன்.

எங்கள் அலுவலகம் இந்தத் தீவு நகரத்தின் சூலியா தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே நாணயமாற்றுக் கடை. முதலாளியையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். முதலாளி அறுபது வயதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம். நாங்கள் எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்போம், அவர் எங்களைத் ‘தம்பி’ என்பார், நாற்பத்தேழு வயதான என்னையும் சேர்த்து. முதலில் இந்தத் தெருவின் சாப்பாட்டுக் கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பிறகு பள்ளி வேன்களுக்கு ஒரு செயலி செய்தோம். வேன் எங்கே போகிறது, பிள்ளை ஏறினானா, இறங்கினாளா என்பதைப் பெற்றோர் கைப்பேசியில் பார்க்கலாம். அதைப் பெரும்பாலும் எழுதியது நான். என் மகள் போகும் வேனையும் அதில் சேர்த்திருந்தோம். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தரவுத்தளத்தில் எந்த மாற்றம் செய்வதென்றாலும் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் செய்வோம். அந்த நேரத்தில் எங்கள் வாடிக்கையாளர் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போயிருப்பார்கள். யாரும் பில் போட மாட்டார்கள். பாஸ் சட்டையை மாற்றிக்கொண்டு படியிறங்கும்போது, “நான் வர்றதுக்குள்ள முடிச்சிருங்க தம்பி” என்பார். அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும்போது வேலை முடிந்திருக்கும். பல வருடங்களாக அப்படித்தான். வேன் செயலி வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பன்னிரண்டேகாலுக்கு மணி அடிக்கும், ஒன்று பத்துக்கெல்லாம் மகள் வீட்டில் இருப்பாள். அப்பனாக எனக்கு அது தெரியும். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த ஆளுக்கு, வெள்ளிக்கிழமை ஒரு மணி என்றால் யாரும் இல்லாத நேரம். இந்த இரண்டும் ஒரே தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த வாரம் பெற்றோரிடமிருந்து ஒரே புகாராக வந்தது. பிள்ளையின் பக்கத்தைத் திறந்தால் எட்டு, பத்து விநாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். காரணம் எனக்கு உடனே தெரிந்தது. ஒவ்வொரு வேனும் சில விநாடிக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை அனுப்பும். பிள்ளை ஏறுவதும் இறங்குவதும் அதே அட்டவணையில்தான் பதிவாகும். மாதக் கணக்கில் சேர்ந்து அந்த அட்டவணை கோடிக்கணக்கான வரிகளாக வீங்கியிருந்தது. ஒரு பிள்ளையின் கடைசிப் பதிவைத் தேட, தரவுத்தளம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்டெக்ஸ் போட வேண்டும். புத்தகத்தின் பின்னால் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதுபோல. போட்டுவிட்டால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்கில் இப்படிப்பட்ட மாற்றத்தை ஒரு சின்னக் கோப்பாக எழுதி வைப்பார்கள். அதற்கு மைக்ரேஷன் என்று பெயர். கோப்பை அனுப்பினால் போதும், சர்வர் புது நிரலை ஏற்றும்போது அதைத் தானே ஓட்டிவிடும். இந்த அட்டவணையில், பிள்ளையின் எண், பதிவான நேரம், இந்த இரண்டுக்கும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ். மொத்தம் ஒரு வரி. என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்தது. என் கணினியில் இருந்தது சில நூறு வரிகள்தான். அதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதற்கு முன்னால் வேன் செயலியில் செய்த மாற்றங்கள் எல்லாம் புதுக் கட்டம் சேர்ப்பது, பெயர் மாற்றுவது போன்றவை. அவையும் கண் இமைப்பதற்குள் முடிந்தவைதான்.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு பாஸ் படியிறங்கினார். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கோப்பை அனுப்பினேன். மற்ற மூவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையில் ‘மைக்ரேஷன் ஓடுகிறது’ என்று ஒரு வரி வந்தது. நான் கொண்டுவந்திருந்த தயிர்ச் சோற்று டப்பாவைத் திறந்தேன்.

ஒன்றரைக்கு, எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். நாங்கள் இருப்பது குளுகோரில். பள்ளி விட்டு வரும் நான்கு பிள்ளைகளை அவர்தான் மாலை வரைக்கும் பார்த்துக்கொள்கிறார்; என் மகளும் அதில் ஒருத்தி.

“தம்பி, புள்ளைய நீங்க போய் கூட்டிட்டீங்களா?”

“இல்லையேக்கா. ஏன்?”

“இன்னும் வரலையே. ஒன்னு பத்துக்கெல்லாம் வந்துருவாளே. சரி, ஆப்புல பாத்துச் சொல்லுங்கலா. நீங்கதானே அத செஞ்சவரு.”

பார்த்தேன். வரைபடத்தில் வேனைக் காட்டும் நீலப் புள்ளி, பள்ளியிலிருந்து வரும் வழியில் இருக்கும் ஜெலுத்தோங்கில் நின்றிருந்தது. கீழே ‘வேனில் ஏறினார்’ என்றிருந்தது. ஜாம் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் புள்ளிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

அடுத்த முறை திறந்தபோது பக்கமே வரவில்லை. வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தபோதுதான், நான் ஏதோ ஒரு நேரம் படித்து, எனக்கு ஒருநாளும் தேவைப்படாமல் போன ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. சாதாரணமாக ஓர் இன்டெக்ஸ் கட்டும்போது, கட்டி முடிக்கிறவரைக்கும் தரவுத்தளம் அந்த அட்டவணையில் யாரையும் புதிதாக எழுத விடாது. படிக்கலாம், எழுத முடியாது. எழுத வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். நிற்கிறவர்கள் கூடக் கூட, படிக்க வருகிறவர்களுக்கும் வழி அடைத்துப்போகும். சில நூறு வரிக்கு அது தெரியாது. கோடிக்கணக்கான வரிக்கு, அதுவும் நாங்கள் வைத்திருந்த மலிவான சர்வரில், எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லா வேன்களும் பன்னிரண்டு ஐம்பத்தொன்றிலிருந்து எழுத முடியாமல் நின்றுகொண்டிருந்தன.

நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினேன். திரையில் நின்றது. வரைபடத்தில் எதுவும் அசையவில்லை. நான் பதிலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டேன் என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. அது உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் தரவுத்தளத்துக்குள் நேராக நுழைய வேண்டும். நுழைய ஆறு இலக்க எண் வேண்டும். அந்த எண் பாஸின் கைப்பேசிக்குத்தான் வரும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருந்தோம். பாஸ் தொழுகையில் இருந்தார். தொழுகைக்குப் போகும்போது கைப்பேசியை அணைத்துத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

வழக்கமாக வேன் ஓட்டுபவரின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன்.

“தம்பி, நான் கண்ணு ஆபரேஷன் செஞ்சிட்டு வீட்ல படுத்திருக்கேன். என் தங்கச்சிதான் ரெண்டு வாரம் ஓட்டுது. அக்கரையில, ஜுருல ஃபேக்டரி பஸ் ஓட்டுற பொம்பள. தங்கமான டிரைவர், பயப்படாதீங்க.”

“அவங்க நம்பர் குடுங்கண்ணே.”

“குடுக்கிறேன், எடுக்க மாட்டா. ஃபேக்டரி பஸ்ஸுல ஆள வச்சிட்டு போன் எடுத்தா வேலை போயிரும். அந்தப் பழக்கம்.” எண்ணைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஒன்னுதான் தம்பி, அவளுக்குத் தீவு ரோடு தெரியாது. பைராம் தோட்டத்துக்காரி. ஆப் காட்டுற வழியிலதான் போவா.”

பதினொரு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆப் காட்டுகிற வழி. அதில் ஒரு விதி இருந்தது. ஒரு பிள்ளை இறங்கியதாக ஓட்டுநர் அழுத்தி, அது பதிவான பிறகுதான் அடுத்த பிள்ளையின் வீட்டுக்கு வழி காட்டும். யாரையும் மறந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த விதி வேண்டாம், சிரமம் என்று மற்றவர்கள் சொன்னபோது, “உங்களுக்குப் புள்ள இருந்தா தெரியும்” என்று சண்டை போட்டு அதை வைத்தவன் நான். வழி தெரியாத ஒரு பெண், ஏழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அழுத்த அழுத்தப் பதிவாகாத ஒரு பொத்தானின் முன்னால் எங்கோ நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அது எங்கே என்பதுதான் தெரியவில்லை.

பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை, மதிய நேரம். என் மனைவி பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது. மூன்றரைக்கு வெளியே வரும்வரை அவளுக்கு எதுவும் தெரியாது. அதை நினைத்து ஒரு கணம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழு கொதித்துக்கொண்டிருந்தது.

“யாருக்காச்சும் வேன் வந்துச்சா?”

“ஒரு மணி நேரமா ஜெலுத்தோங்லயே நிக்குது.”

“பழைய மாதிரி எல்லாருக்கும் டிரைவர் நம்பர் குடுத்திருந்தா ஒரு கால்ல முடிஞ்சிருக்கும். ஆப்பாம், மேப்பாம்.”

“போலீஸ்ல சொல்லலாமா?”

“இந்த ஆப் செஞ்சவனுக்கு புள்ளகுட்டி இருக்காது. இருந்தா இப்படி செய்வானா?”

கடைசிச் செய்திக்கு நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நான் அந்தக் குழுவில் ஒருவன். ஒன்றும் எழுதவில்லை.

படியிறங்கிப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது சரியில்லை. அந்த வெயிலில், கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அப்படி ஓட முடியாது. தடுமாறித் தடுமாறிப் போனேன். வெளியே, தெருவிலும்கூட விரிப்பு போட்டுத் தொழுதுகொண்டிருந்தார்கள். சுற்றுச்சுவர் ஓரமாக நின்றேன். கூட்டத்தில் பாஸ் எங்கே என்று தெரியவில்லை. தெரிந்தாலும் தொழுகையில் இருப்பவரைத் தொட முடியாது. என் பக்கத்தில் ஒரு தொப்பிக்காரர் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, யாருக்கு என்ன?” என்றார். “ஒன்னுமில்லண்ணே” என்றேன். எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிள்ளையைக் காணோம் என்றால் ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்பார். தரவுத்தளத்தை நிறுத்த எண் வேண்டும் என்றால் புரியாது.

நான் ஏன் அங்கே நின்றேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் போய்த் தேடியிருக்கலாம். ஆனால் என் கையில் இருந்த ஒரே கதவு அந்த எண்தான் என்று தோன்றியது. புள்ளி அசைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிள்ளையை அல்ல, புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஐந்துக்குத் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. எல்லாரும் குனிந்து தங்கள் செருப்பைத் தேடினார்கள். நூற்றுக்கணக்கான செருப்புகள். பாஸ் மட்டும் குனியவில்லை. மூன்றாவது தூணின் பின்பக்கம் போய்க் காலை நுழைத்துக்கொண்டு நேராக வந்தார். எப்போதும் அங்கேதான் விடுவாராம். அந்த நிலையிலும், இதுதானே இன்டெக்ஸ் என்று என் மூளை ஒரு மூலையில் சொன்னது. அந்த மூளைமேல் எனக்கு வெறுப்பு வந்தது.

“பாஸ், போனை ஆன் பண்ணுங்க. சர்வர் கோடு வேணும்.”

“என்ன ஆச்சு?”

“வேன் ஆப் நின்னுருச்சு. என் புள்ளையக் காணோம்.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தார். கைப்பேசி உயிர் பெறும்வரை என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆறு எண்களை ஒவ்வொன்றாக, சத்தமாக, இரண்டு முறை சொன்னார். என் கைப்பேசியிலேயே உள்ளே நுழைந்தேன். ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு வேலையைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். இரண்டு பன்னிரண்டு.

எழுதக் காத்து வரிசையில் நின்ற பதிவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. புள்ளி ஜெலுத்தோங்கிலிருந்து துள்ளித் துள்ளிப் பின்னால் போனது. வந்த வழியே போனது. பள்ளியில் போய் நின்றது.

பாஸின் காரில்தான் போனோம். அவர் ஓட்டினார், என்னால் ஓட்ட முடியவில்லை. வழியில் ஒரு முறை மட்டும் சொன்னார்: “தம்பி, வெள்ளிக்கிழம ஸ்கூல் சீக்கிரம் விட்ருவாங்க இல்ல. எம் பேரப்புள்ளைங்களும் வீட்டுக்கு வந்திருக்குமே. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?”

பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஏழு பிள்ளைகளும் நீள மேசையில் உட்கார்ந்து மிலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் ஒரு முனையில், முழுக்கைச் சட்டையும் கழுத்தில் மாட்டிய ஓட்டுநர் உரிமமுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் மகள் என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். நான் அவள் பக்கம் போவதற்குள் அந்தப் பெண் எழுந்து குறுக்கே நின்றார்.

“நீங்க யாரு?”

“அவ அப்பா.”

“ஐ.சி. காட்டுங்க.”

“அக்கா, எங்கப்பாதான்லா,” என்றாள் மகள்.

“நீ சொன்னா ஆகாது கண்ணு.”

அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பெயரைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, என் முகத்தையும் படத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வழி விட்டார்.

நடந்தது இதுதான். முதல் பிள்ளையை இறக்க ஜெலுத்தோங் போயிருக்கிறார். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கியதாக அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வாசலிலும் யாரும் வந்து நிற்கவில்லை. அடுத்த வழியும் காட்டவில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட்டார்.

“ஃபேக்டரில அப்படித்தான் அண்ணே. ஆள எங்க எறக்குறதுன்னு தெரியலன்னா, ஏத்துன இடத்துக்கே கொண்டாந்துரணும். நடுவுல எங்கயும் எறக்கக் கூடாது. ஆபீஸ்ல யாரும் இல்ல, காவலுக்கு இருந்த ஜாகாகிட்ட சொல்லிட்டு இங்க உக்கார வச்சேன். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, தெரியாத நம்பரு. புள்ளைங்க இருக்கிறப்ப எடுக்கிறதில்ல.” பிறகு சொன்னார்: “இந்த ஆப்ப எவன் செஞ்சான்னு தெரியல. கையில கெடச்சா நாலு வார்த்த கேக்கணும்.”

“நான்தான்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப மிலோ காச நீங்களே குடுத்துருங்க,” என்றார்.

மகளுக்கு அது நல்ல நாள். “வேன்ல ரெண்டு ரவுண்டுப்பா!” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். “வலிக்குதுப்பா” என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கிளம்புவதற்கு முன், சிற்றுண்டிச் சாலையிலிருந்தே குழுவில் எழுதியிருந்தேன். முதலில் ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று ஆரம்பித்தேன். அழித்தேன். ‘பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் பத்திரமாக இருக்கிறார்கள். செயலியை நிறுத்தியது என் தவறு. அதைச் செய்தவன் நான். என் மகளும் அந்த வேனில்தான் இருந்தாள்’ என்று எழுதி அனுப்பினேன். மற்ற பெற்றோரும் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். பிறகு, புள்ளகுட்டி இருக்காது என்று எழுதியவர் தன் செய்தியை நீக்கியிருந்ததைப் பார்த்தேன். நீக்காமல் இருந்திருக்கலாம்.

மூன்று நாற்பதுக்கு மனைவி கூப்பிட்டாள். உடைமாற்றும் அறையில் கைப்பேசியைத் திறந்து, குழுவில் வந்திருந்த எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

“புள்ள எங்க?”

“என் பக்கத்துலதான் இருக்கா.”

“போனக் குடுங்க அவகிட்ட.”

பேசினாள். பிறகு மகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

“அவ்வளவு நேரம் நீங்க எங்க இருந்தீங்க?”

“பள்ளிவாசல் வாசல்ல.”

“சரி, நான் வர்றேன்” என்று வைத்துவிட்டாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது.

இன்டெக்ஸ் அப்போதும் போட்டபாடில்லை. நான் பாதியில் நிறுத்தியதால் அதுவரை கட்டியதெல்லாம் போய்விட்டது. பக்கம் இன்னும் பத்து விநாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி போட்டே ஆக வேண்டும். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவு செய்தோம். எந்த வேனும் ஓடாத நேரம். பாஸ் தன் கைப்பேசியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இந்த முறை கோப்பில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். இன்டெக்ஸ் வரியின் ஓரத்தில் ஒரு சொல்: மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவர்களை நிறுத்தாமல் கட்டு என்று. கோப்பின் தலையில் ஒரு வரி: இதை ஒரே கட்டாக ஓட்டாதே என்று. ஃபிரேம்வொர்க் சாதாரணமாக ஒரு மைக்ரேஷன் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் ஓட்டும். அப்படி ஓட்டினால் இந்த வகை இன்டெக்ஸைக் கட்ட முடியாது. இப்படிக் கட்டுவது நேரம் கூடப் பிடிக்கும், நடுவில் தோற்றால் அரைகுறை இன்டெக்ஸ் ஒன்று கிடக்கும், அதை நாமே நீக்க வேண்டும். எல்லாம் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. முன்பும் எழுதியிருந்தது. அனுப்பு என்ற பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

“அழுத்துங்க தம்பி,” என்றார் பாஸ்.

“புள்ளைங்க எல்லாம் வீட்லதானே?”

“ஞாயித்துக்கிழமலா தம்பி.”

அழுத்தினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. அந்த இரண்டு மணி நேரமும், இன்னொரு கணினியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சோதனைப் பதிவை எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் உடனே பதிவானது. முடிந்த பிறகு பிள்ளையின் பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. வெள்ளிக்கிழமைப் பழக்கத்தை அன்றோடு விட்டோம். பாஸைத் தவிர இன்னொருவருக்கும் அந்த ஆறு இலக்க எண் வரும்படி மாற்றினோம். பெற்றோருக்கு ஓட்டுநர் எண்ணைக் கொடுத்தோம். பதிவாகாவிட்டாலும் அடுத்த வழியைக் காட்டும்படி அந்த விதியைத் தளர்த்தினேன். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று. ஆனாலும், அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் வேனின் பின்னாலேயே போனேன்.

ஜெலுத்தோங் சாலையில் வேன் ஓரமாக நின்றது. அந்தப் பெண் இறங்கி என் சன்னலுக்கு வந்தார்.

“அண்ணே, ஸ்கூல்லேர்ந்து பின்னாலயே வர்றீங்க. என்ன, என்னப் பிடிக்கவா, ஆப்பப் பிடிக்கவா?”

“சும்மாதான்.”

“பெட்ரோல் வேஸ்ட்டு. வண்டிய இங்க விட்டுட்டு வேன்ல ஏறுங்க. சீட்டு காலியா இருக்கு.”

ஏறினேன். மகள் என்னைப் பார்த்ததும் முகத்தைப் புத்தகப்பையில் புதைத்துக்கொண்டாள். “அப்பா, ப்ளீஸ்லா, எறங்குங்க. எல்லாரும் பாக்குறாங்க.” பின் இருக்கையிலிருந்து ஒரு சிறுமி, “உங்கப்பாவும் மூனாம் ஆண்டா?” என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது.

எங்கள் ஃபிளாட்டுக்கு முந்தைய முக்கில் திரும்பும்போது என் கைப்பேசி ஒலித்தது. ‘உங்கள் பிள்ளை பத்திரமாக இறங்கிவிட்டார்.’

மகளின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் எறக்கலையேம்மா,” என்றேன் முன்னால் பார்த்து.

“இப்பல்லாம் முன்னாலயே அழுத்திருவேன் அண்ணே. நிறுத்திட்டு அழுத்திக்கிட்டிருந்தா பின்னால கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான். எங்கண்ணனும் அப்படித்தான் அழுத்துவாராம்.”

அவருடைய அண்ணனும். அப்படியானால் செயலி வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு மதியமும், அலுவலக மேசையில் அந்தச் செய்தியைப் பார்த்து நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்த ஒவ்வொரு தடவையும், என் மகள் இன்னும் வேனுக்குள்தான் இருந்திருக்கிறாள். இப்போது இன்டெக்ஸும் போட்டாயிற்று. பொய் இன்னும் வேகமாக வருகிறது.

வேன் நின்றது. மகள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் குதித்து இறங்கினாள். அந்தப் பெண் கியரைப் போடவில்லை. உடம்பை முழுதாகத் திருப்பி, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. மகள் சாக்கடைமேல் போட்டிருந்த பலகையைக் கடந்தாள். கீழ்த்தள அக்கா கம்பிக் கதவைத் திறந்தார், என் மகளின் பையை வாங்கினார், கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் இவர் முன்னால் திரும்பினார்.

நானும் இறங்க வேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை. வேனில் இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.